சுவர்க்க நீக்கம்: மில்ரன் காப்பியத்திற் பாவமும் பிரிவும்

யோன் மில்ரன் இயற்றிய ஆங்கிலப் பெருங்காப்பியம் 1667ஆம் ஆண்டிற் பத்துக் காண்டங்களாக வெளிவந்தது. கவிஞர் இறந்த ஆண்டாகிய 1674இல் அது பன்னிரண்டு காண்டங்களாக வகுக்கப்பெற்றது. அக்காப்பியத்தின் பகுதியைத் தமிழ்ச் செய்யுளாக்கிய வெ. ப. சுப்பிரமணிய முதலியார் தம் நூலுக்குச் 'சுவர்க்க நீக்கம்' எனப் பெயரிட்டார். மூலத்தின் தலைப்போ 'இழந்த சுவர்க்கம்' என்னும் பொருளது. இழப்பு நீக்கமாக மாறியமை பொருள் செறிந்த மாற்றமாகும். நீக்கம் என்பது பிறரால் நீக்கப்படுதலையும் குறிக்கும். தானே நீங்குதலையும் குறிக்கும். மலையினின்று தானே வீழும் அருவியையும் ஐந்தாம் வேற்றுமையின் நீக்கப்பொருளுக்கே இலக்கண நூலார் எடுத்துக்காட்டுவர். ஆதாமும் ஏவாளும் சுவர்க்கத்தினின்று நீக்கப்பட்டனரா, அன்றித் தாமே நீங்கினரா? கிறித்துவ சமயம் பாவம் என்று எதனைக் கூறுகின்றது என்பதற்கு விடை இவ்வினாவின்கண் அடங்கியுள்ளது. மில்ரன் காப்பியத்தின் சிறப்பையும் குறைபாட்டையும் அளக்கத்தக்க கோலும் இதுவேயாம்.

தமிழிற் பாவம் என்னுஞ் சொல் புண்ணியம் என்பதனோடு இணைந்து வழங்குவது. இரண்டும் வினையின் பயன்கள், இரண்டும் எண்ணப்படுவன, ஒன்றனை மற்றொன்றின் எதிரே நிறுத்திக் கணக்கிடுவது உலக வழக்கு. கிறித்துவ வேதத்தைத் தமிழ்ப்படுத்தியோர் இச்சொல்லையே எடுத்தாண்டனர். பேர்சிவற் பாதிரியாருடன் ஆறுமுக நாவலர் உழைத்து, 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பைப் பயில்வோரும், பிற்காலத் திருத்தங்களைப் பயில்வோரும், அச்சொல்லுக்குத் தாம் முன்பே அறிந்த பொருளையே கொண்டு படிப்பது இயல்பு. அவ்வாறு படிக்குங்கால், ஒரு கனியைத் தின்ற சிறு குற்றத்துக்கு மனித குலம் முழுவதும் இறப்பிற்கு ஆளாயிற்று என்னுங் கதை, அளவு கடந்த தண்டனையின் கதையாகவே தோன்றும். குற்றமோ சிறிது, தண்டமோ பெரிது. இவ்வையம் கற்றோரிடத்தும் உண்டு.

ஐயம் தீர வேண்டுமாயின் மூல நூல்களின் சொற்களை நோக்குதல் வேண்டும். புதிய ஏற்பாட்டிற் பாவத்துக்கு வழங்குங் கிரேக்கச் சொல் 'ஹமார்த்தியா' என்பது. இலக்குத் தவறுதல் என்பது அதன் அடிப்பொருள். துன்பியல் நாடகத் தலைவனின் பிழையைக் குறிக்க அரிஸ்டோட்டில் தம் கவிதையியலில் ஆண்ட சொல்லும் இதுவே. எபிரேயச் சொல்லின் வேரும் குறி தவறுதலையே உணர்த்தும். ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரம் ஆதாமின் வீழ்ச்சியைக் கூறுவதாயினும், பாவம் என்னுஞ் சொல் அவ்வதிகாரத்தில் இல்லை. அடுத்த அதிகாரத்திற் காயீனின் கதையிலேயே அது முதன்முதலாக வருகின்றது. மூன்றாம் அதிகாரத்திற் காணப்படுவன நாணம், அச்சம், மரங்களினிடையே ஒளிதல், ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்துதல் என்பனவே. ஏசாயா ஆகமத்தின் 59ஆம் அதிகாரம், மக்களின் அக்கிரமங்களே அவர்களுக்கும் கடவுளுக்கும் நடுவே பிரிவினை செய்தன என்னுங் கருத்தை வெளிப்படையாகவே மொழிகின்றது. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வரும் இளைய குமாரனும் தன் பங்கை வாங்கிக்கொண்டு தூர தேசஞ் சென்றவனே. அவனைத் தந்தை துரத்தவில்லை.

எனவே, கிறித்துவ நோக்கிற் பாவம் என்பது முதலில் ஓர் உறவின் முறிவு. தீச்செயல்கள் அம்முறிவினின்று பிறப்பன. அகுஸ்தீனார் தம் 'கடவுளின் நகரம்' என்னும் நூலில், படைக்கப்பட்ட உயிர் தன்னைத் தாங்கும் முதலைவிட்டுத் தானே தனக்கு முதலாக முயலுஞ் செருக்கையே பாவத்தின் தொடக்கமாகக் கொண்டார். தீமை தனக்கென ஒரு பொருளன்று, நன்மையின் குறைவே என்பதும் அவர் கோட்பாடு. 1849இல் தேனிய நாட்டுச் சிந்தனையாளர் கீர்க்ககாட் வெளியிட்ட நூலொன்றிற் பாவத்தின் மறுதலை நற்குணமன்று, விசுவாசமே என்று வாதித்தமையும் இம்மரபின்பாற்பட்டதேயாம். புண்ணியத்தாற் சரிக்கட்டத்தக்க கணக்கு அன்று பாவம் என்பது இதனாற் பெறப்படும்.

சைவ சித்தாந்தம் பயின்றோர் ஈண்டு ஆணவ மலத்தை நினைத்தல் கூடும். இரண்டிடத்தும் 'யான்' என்னும் முனைப்பே கேடு செய்கின்றது. இரண்டிடத்தும் உயிர் தன் முயற்சியொன்றினாலே மீள இயலாது, அருள் வேண்டும். ஆயினும் வேற்றுமை பெரிது. செம்பிற் களிம்பு போல ஆணவம் உயிரோடு அநாதியே உள்ளது. அதற்குத் தோற்றம் இல்லை. மறைப்பு உண்டாயினும் இறைவன் உயிரைவிட்டு ஒருபொழுதும் பிரிதல் இல்லை. கிறித்துவ சமயத்திலோ உயிர் நன்மையாகவே படைக்கப்பட்டது. பாவம் காலத்தின் ஓர் எல்லையில், விருப்பத்தின் செயலால், இடையே புகுந்தது. அநாதியானதற்குக் கதை இல்லை. தொடக்கமுடையதற்கே கதை உண்டு. ஆகவேதான் பாவத்தைப் பொருளாகக்கொண்டு ஒரு காப்பியம் எழுதுதல் கிறித்துவக் கவிஞருக்கு இயல்வதாயிற்று. இவ்வேற்றுமையை உணராமல் இரு சமயத்தையும் ஒன்றென்பதும், ஒன்றைக்கொண்டு மற்றொன்றை இகழ்வதும் ஒருசேரப் பயனற்றவை. எதிர்வாதஞ் செய்தற்கும் எதிர்ப்பக்கத்தார் நூலைத் துறைபோகக் கற்றல் வேண்டும் என்பதற்கு 1854இற் 'சைவதூஷண பரிகாரம்' இயற்றிய நாவலரே சான்றாவார்.

இனி, காப்பியத்தை நோக்கலாம். பிரிவின் முதல் உருவம் சாத்தான். முதற் காண்டத்தில் நரகத்திற் கிடந்தும் அவன் தளராது பேசுகின்றான். மனமே தனக்கு இடமாதலால் நரகத்தையும் சுவர்க்கமாக்கலாம் எனத் தருக்குகின்றான். ஐந்தாங் காண்டத்தில், தன்னைப் படைத்தவர் எவருமிலர், தன் ஆற்றலாலே தான் எழுந்ததாகக் கூறுமளவுக்கு அவன் துணிகின்றான். ஆயின், நான்காங் காண்டத்தில் நைபேற்றிசு மலைமீது தனித்து நின்று சூரியனை விளித்துப் பேசுங்கால் அவன் முகமூடி கழல்கின்றது. கடவுளுக்குத் தான் செய்த பணி கடுமையானதன்று என்றும், நன்றியை மட்டுமே அவர் வேண்டினார் என்றும் அவனே ஒப்புக்கொள்கின்றான். எங்குச் சென்றாலும் நரகம் தன்னோடு வருகின்றது, தானே நரகமாயினான் என்பதை உணர்கின்றான். மீளும் வழி பணிதல் ஒன்றே. தன்னைப் பின்பற்றியோர் முன் நாணுதற்கு அஞ்சி அதனை மறுத்துவிடுகின்றான். முதற் காண்டத்திற் பெருமிதமாக ஒலித்த கருத்தே நான்காங் காண்டத்தில் அவனுக்குத் தீர்ப்பாக முடிகின்றது. மனம் தனக்குத் தானே இடமாயின், அம்மனத்தைவிட்டு வெளியேற வழியில்லை.

தோமா அக்குவினார் முதலிய இறையியலார் நரக தண்டனையை இருவகைப்படுத்துவர்: கடவுளின் காட்சியை இழத்தலாகிய தண்டனை ஒன்று, புலன்களால் உணரப்படும் வேதனை மற்றொன்று. இவற்றுள் முன்னதே பெரிது என்பது அவர் துணிபு. தீயையும் கந்தகத்தையும் வருணித்தல் எளிது. இழப்பை வருணித்தல் அரிது. அரியதனைச் செய்தது நான்காங் காண்டம்.

ஒன்பதாங் காண்டமே காப்பியத்தின் உயிர்நிலை. அதன்கண் மில்ரன் ஆதியாகமத்தில் இல்லாத ஒரு நிகழ்ச்சியைப் படைத்துள்ளார். அன்று காலையில் வேலையைப் பகிர்ந்துகொண்டு தனித்தனியே செல்லலாம் என்கின்றாள் ஏவாள். ஆதாம் உடன்படாது வாதித்து, ஈற்றில் இசைகின்றான். அவன் கையினின்று அவள் தன் கையை மெல்ல விலக்கிக்கொண்டு போகின்றாள். இது பாவமன்று, ஆயினும் வரவிருக்கும் பெரும்பிரிவுக்கு இச்சிறுபிரிவு முன்னிழலாகின்றது. நான்காங் காண்டத்தில் இருவரும் முதன்முதற் காட்சிக்கு வருங்கால் கைகோத்து வந்தவர் என்பதை நினைவுகூர்வார்க்கு இதன் நயம் விளங்கும்.

கனியைத் தின்றவுடன் ஏவாளுக்கு இடி விழவில்லை, தீ சூழவில்லை. அவள் நினைவுகளே மாறுகின்றன. வானுலகம் மிக உயரத்தில், தொலைவில் உள்ளது; ஆங்கிருப்பவர் இதனைக் கண்டிராமலும் இருக்கலாம் என்று எண்ணுகின்றாள். அதுகாறும் அன்போடு நினைக்கப்பட்ட கடவுள் இப்பொழுது தடைசெய்பவராக மட்டுமே அவளுக்குத் தோன்றுகின்றார். தூரம் அவள் நெஞ்சிற் பிறந்துவிட்டது. பின்னர், பெற்ற அறிவை ஆதாமுக்கு ஒளித்துத் தான் உயர்ந்திருக்கலாமா என ஆராய்கின்றாள். தான் இறந்தால் அவனுக்கு வேறொருத்தி வாய்ப்பாளே என்னும் அழுக்காறு எழவே, அவனையும் உண்பிக்கத் துணிகின்றாள். அன்பு என்று அவள் அதற்குப் பெயரிடுகின்றாள். ஆதாமோ ஏமாறியவன் அல்லன். அவளைப் பிரிய மாட்டாமையாலேயே அறிந்து உண்கின்றான். ஏவாளைப் பிரியாதிருக்கக் கடவுளைப் பிரிந்தவன், அக்காண்டம் முடியுமுன்னரே அவளையும் பிரிந்துவிடுகின்றான்: காமம், உறக்கம், நாணம், அத்தியிலை ஆடை, பின்னர் முடிவில்லாப் பழிச்சொற்கள். கடவுளோடுள்ள உறவு முறிந்தவிடத்து மனிதர் தம்முள் உறவும் நில்லாது என்னும் கிறித்துவக் கொள்கை, போதனையாக அன்றி இல்லறப் பூசலாகக் காட்டப்பட்டுள்ளது. கணவனும் மனைவியும் வாழும் எந்த வீட்டாருக்கும் இது விளங்கும்.

இத்துணையும் நிகழ்ந்தபொழுது அவர்கள் சுவர்க்கத்தின் உள்ளேயே இருந்தனர் என்பது கருதத்தக்கது. வெளியேற்றும் ஆணை பதினோராங் காண்டத்திலேயே பிறக்கின்றது. அவ்வாணைக்குக் கூறப்படும் காரணமும் உற்றுநோக்கற்பாலது: மாசுற்றவரை அவ்விடத்தின் தூய இயல்பே ஏற்காது வெளித்தள்ளுகின்றது என்பதாம். எனவே நீங்கியது முன், நீக்கப்பட்டது பின். தண்டம் குற்றத்துக்கு மிகையாயிற்று என்னும் ஐயத்துக்குக் காப்பியம் தரும் விடை இதுவே. பிரிவு பாவத்துக்கு வெளியேயிருந்து கூட்டப்பட்ட தண்டனையன்று. பாவத்தின் உள்ளுருவமே பிரிவு.

மீட்சியும் இவ்வாறே காட்டப்படுகின்றது. பத்தாங் காண்டத்தில் ஆதாம் தனிமையிற் புலம்பிச் சாவை வேண்டுகின்றான். வாதங்கள் அவனைத் தேற்றவில்லை. ஏவாள் அவன் அடியில் வீழ்ந்து, தீர்ப்பு முழுவதும் தன்மேலேயே வருக என்கின்றாள். சாத்தானால் இயலாத பணிவு இதுவே. அவர்கள் ஒருவரோடொருவர் ஒப்புரவாகிய பின்னரே கடவுளை நோக்கிப் பணிகின்றனர். அவர் நெஞ்சத்தின் கன்மையை அகற்றியது முன்சென்ற திருவருளே எனப் பதினோராங் காண்டத் தொடக்கம் கூறும். பின்னர் மிகாவேல் தேவதூதர் வந்து வெளியேறுமாறு கூறியபொழுது, தோட்டத்தை இழப்பதிலும் கடவுளின் முகத்துக்கு மறைவாதலே தன்னை மிகவும் வருத்துவது என்கின்றான் ஆதாம். பத்தாங் காண்டத்தில் அம்முகத்துக்கு ஒளிந்தவனும் இவனே. கடவுள் அத்தோட்டத்துள் மட்டும் உறைபவரல்லர் என்று மிகாவேல் தேற்றுகின்றார். பன்னிரண்டாங் காண்டத்தின் இறுதியில் இருவரும் மீண்டும் கைகோத்தவராய் வெளியேறுகின்றனர். இடம் போயிற்று, உறவு மீளத் தொடங்கிற்று.

இக்காப்பியம் குறையற்றதன்று. மூன்றாங் காண்டத்திற் பிதாவாகிய கடவுளே பேசுகின்றார். மனிதன் வீழ்வான் என்பதைத் தாம் முன்னறிந்ததையும், முன்னறிவு வீழ்ச்சிக்குக் காரணமாகாமையையும் வழக்கறிஞர் போல் எடுத்துரைக்கின்றார். கொள்கை பிழையன்று, பேசும் வாய் பொருந்தவில்லை. பிரிவின் துயரம் மனிதனுடையதாக மட்டும் நின்றுவிடுகின்றது. பிரிந்து போனவனுக்காகக் காத்திருக்கும் தந்தையின் துயரம் அவ்வுரையில் ஒலிக்கவில்லை. இளைய குமாரன் கதையைச் சிறக்கச் செய்வது எதுவோ அதுவே ஈண்டு இல்லை. தம்மைப் பலியாக ஈயக் குமாரன் முன்வருமிடத்தில் இக்குறை ஓரளவு தீர்கின்றதாயினும் முற்றும் தீரவில்லை.

பிளேக்கு என்னுங் கவிஞர் மில்ரனை அறியாமலே சாத்தானின் பக்கத்தவர் என்றதும், எம்ப்சன் 1961இல் வெளியிட்ட நூலிற் காப்பியத்தின் கடவுளைக் கொடியவராகக் கண்டதும் இக்குறையைப் பற்றி எழுந்த தீர்ப்புகளேயாம். சீ. எஸ். லூயிஸ் 1942இல் எழுதிய முன்னுரை நூல், காப்பியம் கிறித்துவப் பொதுக்கொள்கையோடு இயைவதை நிறுவியது; ஆயின், கொள்கை இயைபு கவிதை வெற்றியாகாது. முதற் காண்டத்தோடு நிற்போர் பிளேக்கோடு உடன்படுவர். மூன்றாங் காண்டத்தில் இடறுவோர் எம்ப்சனோடு உடன்படுவர். ஒன்பதாங் காண்டத்தையும் பத்தாங் காண்டத்தையும் ஊன்றிப் பயில்வோரே மில்ரனின் உண்மையான வலிமையைக் காண்பர். கடவுளின் நீதியை வாதத்தால் நிறுவ முயன்ற இடங்களில் அவர் தளர்ந்தார். ஒருத்தி தன் கையை விலக்கிய அசைவிலும், ஒருத்தி அடிவீழ்ந்து அழுத அழுகையிலும் பாவமும் மீட்பும் இன்னவென அவர் காட்டினார். தம் சமயம் வேறாயினாரும் கிறித்துவ சமயத்தின் உட்பொருளை அறிதற்கு இக்காப்பியத்தைக் கற்கலாம். கற்குங்கால் தொடங்கத்தக்க இடம் ஒன்பதாங் காண்டம்.