வினைமுற்று விகுதியும் பெண்பாத்திரமும்: அசைவூட்டத் தொடர்களின் தமிழாக்கம் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

திருவனந்தபுரம் பழவங்காடியில் கணபதி கோயிலின் முன்னும் அதனை அடுத்த சாலைக் கடைவீதியிலும் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கி வருகின்றன. 'அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு' என மலையாள வினை மாறாது நிற்கிறது. தமிழ் வினையோ வந்தான், வந்தாள், வந்தார் எனப் பாலும் மதிப்பும் காட்டி வேறுபடுகிறது. மொழியியலார் நன்கறிந்த இவ்வேறுபாடு, தொலைக்காட்சித் திறனாய்வில் போதிய கவனம் பெறாத ஒரு சிக்கலைத் தெளிவுபடுத்துகிறது.

அசைவூட்டத் தொடர்களில் வலிமை வாய்ந்த பெண்பாத்திரங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவர்களின் செயலையே அளக்கின்றனர். போரிடுவது யார், தலைமை ஏற்பது யார், முடிவெடுப்பது யார் என்பனவே அவர்தம் வினாக்கள். ஆனால் அத்தொடர் தமிழில் ஒலிக்கும்போது, பாத்திரம் ஒன்றும் செய்யாமுன்னரே அவளைக் குறிக்கும் விகுதியும் விளிக்கும் சொல்லும் அவளது தகுதியை வரையறுத்துவிடுகின்றன. எனவே பெண்பாத்திரத்தின் வலிமை மொழிபெயர்ப்பாளரின் இலக்கணத் தெரிவையும் சார்ந்தது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திருவனந்தபுரத்தோடு தொடர்புடைய ஒரு தொடர்

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் 1999இல் தொடங்கப்பெற்ற டூன்ஸ் நிறுவனம், 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஒளிபரப்பான தெனாலிராமன் தொடரால் அறிமுகமாயிற்று. பின்னர் மார்வெல் நிறுவனத்தோடு இணைந்து அது உருவாக்கிய 'வுல்வரின் அண்டு தி எக்ஸ்-மென்' 2008-2009இல் 26 பகுதிகளாக வெளிவந்தது. தலைப்பு ஓர் ஆடவனின் பெயரைத் தாங்கினும், கதை பெண்களைச் சுற்றியே இயங்குகிறது. ஒரு வெடிப்பில் ஜீன் கிரே மறைந்துபோவது கதையின் முடிச்சு. குழுவுக்கு உதவுவதாகக் கூறி வந்து சேரும் எம்மா ஃபிராஸ்ட் கதையை நகர்த்தும் விசை.

எம்மாவின் படைப்பில்தான் இத்தொடரின் முதிர்ச்சி புலனாகிறது. அவள் குழுவினருக்கு உண்மையாக உதவுகிறாள். அதே வேளையில் மற்றொரு மறைகுழுவின் ஆளாகவும் இருக்கிறாள். இறுதியில் அக்குழுவையே எதிர்த்துத் தன்னுயிரை ஈகிறாள். அவளை நல்லவள் என்றோ தீயவள் என்றோ ஒரே சொல்லில் அடக்க இயலாது. இதற்கு மாறாக, ஜீன் நெடும்பகுதி நினைவிழந்தவளாகவும் தேடப்படும் பொருளாகவுமே நிற்பது இத்தொடரின் குறை எனலாம்.

இத்தொடரைத் தமிழாக்குவோர் எம்மாவைப் பற்றிப் பிறர் பேசுமிடங்களில் எவ்வடிவைக் கொள்வது? மொழிமாற்று உரையாடல் பேச்சுத் தமிழில் அமைவது. பேச்சில் 'அவரு' என்பது ஆடவர்க்கே உரியதாகிவிட்டமையால், பெண்ணுக்கு 'அவ வந்தா', 'அவங்க வந்தாங்க' என்னும் இரண்டே வழிகள் உள்ளன. தொடர் முழுவதும் 'அவ' என்றே அமைப்பின், ஐயுறவுக்கும் நம்பிக்கைக்கும் இடையே வேறுபாடு இராது. முழுவதும் 'அவங்க' எனினும் அவ்வாறே. ஐயுறும்போது 'அவ' எனவும், நம்பிக்கை வளர்ந்தபின் 'அவங்க' எனவும், துரோகம் வெளிப்பட்டதும் மீண்டும் 'அவ' எனவும் அமைப்பின், ஆங்கிலம் குரலாலும் முகபாவத்தாலும் உணர்த்தும் மாற்றத்தைத் தமிழ் விகுதியாலும் உணர்த்தும். அவள் ஈகைக்குப் பின் பிறர் அவளை எவ்விகுதியால் நினைவுகூர்கின்றனர் என்பதே அவளைப் பற்றிய இறுதித் தீர்ப்பாகவும் அமையும்.

மலையாள மொழிபெயர்ப்பாளர்க்கு வினையளவில் இந்நெருக்கடி இல்லை. எழுவாயைத் தொகுத்து 'வந்நு' என்றாலே அவர் மதிப்பைக் கூறாது விட்டுவிடலாம். தமிழில் எழுவாய் தொக்கினும் வினை அதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அவளா, அதுவா?

ஜீனுக்குள் உறையும் ஃபீனிக்ஸ் என்னும் பேராற்றல் வெளிப்படுமிடம் இதனினும் நுட்பமானது. பேசும் வாய் ஜீனுடையது, பேசுவது மற்றொன்று. 'அது அழிச்சிடும்' என்பதா, 'அவ அழிச்சிடுவா' என்பதா? முன்னது பெண்ணைக் குற்றத்தினின்று விடுவிக்கிறது. உடன்தானே அவளது ஆற்றலையும் அவளுக்கு உரியதன்று ஆக்கிவிடுகிறது. பின்னது ஆற்றலையும் பொறுப்பையும் ஒருங்கே அவள்மேல் வைக்கிறது.

தமிழ் இலக்கண மரபுக்கு இது புதிதன்று. மகிழ்ச்சி, சினம், இழிவு முதலிய காரணங்களால் திணையும் பாலும் மயங்கி வருதலை நன்னூல் வழுவமைதியாக ஏற்கிறது. குழந்தையை அன்பால் 'அது தூங்குது' என்பதும், வெறுப்பால் ஒருவரை அஃறிணையாற் சுட்டுவதும் இன்றும் வழக்கிலுள்ளன. ஒருவரைப் பன்மையாற் கூறுவது வழக்கில் தோன்றிய உயர்சொல் எனத் தொல்காப்பியமும் பிரித்துக் காட்டுகிறது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்ளும் இம்மாற்றங்கள் மரபுக்கு உட்பட்டவையே ஆகும்.

மாணவியும் மறுபிறப்பும்

2012 முதல் 2014 வரை நிக்கலோடியன் உருவாக்கத்தில் வெளிவந்த 'தி லெஜண்ட் ஆஃப் கோரா' இச்சிக்கலின் மற்றொரு முகத்தைக் காட்டுகிறது. மூன்றாம் பருவத்தின் இறுதியில் நஞ்சூட்டப்பெறும் கோரா, நான்காம் பருவத்தில் உடலும் உள்ளமும் நொந்தவளாகத் தோன்றுகிறாள். வெற்றியோடு முடிக்காமல், வெற்றிக்குக் கொடுத்த விலையைக் காட்டியமையால் இத்தொடர் முதிர்ந்த கதைகூறலுக்குச் சான்றாகிறது.

கோரா, ஆங் என்பவரின் மறுபிறப்பு. அவளுக்குக் காற்றுக்கலை கற்பிக்கும் டென்சின் ஆங்கின் மகன். எனவே ஆசிரியர்க்கு அவள் மாணவி. ஒரு வகையில் தந்தையும் ஆவாள். ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைப் பெயர் இம்முரணை மறைத்துவிடுகிறது. தமிழில் 'நீ' என்பதா 'நீங்க' என்பதா என்னும் வினா உடனே எழுகிறது. தமிழ்க் குடும்பங்களில் பாட்டன் பெயர் தாங்கிய பெயரனைத் தந்தையே 'அப்பா' என அழைத்து, அடுத்த நொடி 'நீ' என ஏவுவதுண்டு. அவ்வழக்கை அறிந்தவர்க்கு, வகுப்பில் 'நீ' என்பவர் அவைநடுவில் 'நீங்க' என்பது இயல்பாகவே தோன்றும். காவல்துறைத் தலைவி லின் பைஃபாங்கைப் பொறுத்தவரை, அவரது ஆணைகளுக்கு ஆடவர் 'சரிங்க' என்கின்றனரா 'சரி' என்கின்றனரா என்பதிலேயே பதவியின் மெய்ம்மை அடங்கியுள்ளது.

உதட்டசைவின் நெருக்கடி

மதிப்பு விகுதி அசை மிகுந்தது. 'அவ சொன்னா' என்பதைவிட 'அவங்க சொன்னாங்க' நீளமானது. உதட்டசைவுக்குள் சொற்களைப் பொருத்தவேண்டிய மொழிமாற்றுக் கூடத்தில் குறுகிய வடிவே எளிதிற் கைக்கு வரும். எனவே பெண்பாத்திரத்தின் மதிப்புக் குறைவுக்குக் கருத்துக்குறை மட்டுமன்றி நேரக்குறையும் காரணமாகலாம். ஆயின் 'டி' என்னும் விளி அத்தகையதன்று. பெண்களிடையே தோழமை காட்டும் அது, ஆடவர் வாயில் உரிமை கொண்டாடலையோ இகழ்ச்சியையோ குறிக்கும். மூலத்தில் இல்லாத இவ்வசையைச் சேர்ப்பது நேரத்தின் பொருட்டன்று, பழக்கத்தின் பொருட்டே.

2007இல் தொடங்கிய சுட்டி டிவியின் வழித் தமிழ்ச் சிறார் அறிந்த டோராவும் இவ்விடத்தே கருதத்தக்கவள். அவளது குரங்குத் தோழன் தமிழில் 'புஜ்ஜி' எனப் பெயர் பெற்றது. மூலத்துக் காலணிப்பெயரைப் பெயர்க்காது, வீட்டுக் கொஞ்சுமொழியைத் தேர்ந்த இத்தெரிவு, பெயர்ப்பாளர் துணிந்தால் தொடர் எவ்வளவு தன்வயமாகும் என்பதைக் காட்டும். பெயரில் செலுத்திய அக்கறை விகுதியிலும் செலுத்தப்படுதல் வேண்டும்.

முடிவுரை

பாத்திரங்களின் விளியும் விகுதியும் பகுதிதோறும் எவ்வாறு மாறுகின்றன எனக் காட்டும் பட்டியல் ஒன்றை மொழிபெயர்ப்புக்கு முன்னரே வகுத்துக்கொள்ளுதல் பயன்தரும். மாற்றம் நிகழுமிடம் கதையின் திருப்பத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். இளஞ்சிறார் பெண்ணை எவ்வாறு அழைப்பது என்பதைத் தொடர்களிலிருந்தும் கற்கின்றனர். வில்லேந்திப் போரிடும் பெண்ணை 'போடி' என ஏவக் கேட்டு வளரும் குழந்தை, படத்தில் ஒன்றையும் மொழியில் மற்றொன்றையும் கற்கும்; நீண்டு நிலைப்பது மொழியில் கற்றதேயாகும்.