மடம் எப்படி உருவாகிறது? ‘பெனடிக்ட் ஆப்ஷன்’ வேகமாகக் கடந்துபோன கேள்வி

ராட் ட்ரெஹெரின் ‘தி பெனடிக்ட் ஆப்ஷன்’ புத்தகத்தை 2017-இல் வந்த கொஞ்ச நாளிலேயே படித்துவிட்டேன். போன மாதம் மறுபடி எடுத்தேன். அன்றைக்குப் பிடித்த அதே பக்கங்கள் இந்தத் தடவை உறுத்தின. காரணம் பாதி புத்தகத்தில், பாதி என்னிடம். என் பாதியைக் கடைசியில் சொல்கிறேன்.

புத்தகத்தின் வாதம் இதுதான். மேற்குலகில் கிறிஸ்தவம் தோற்றுக்கொண்டிருக்கிறது. தேர்தல் அரசியலால் அதை மீட்க முடியாது. ரோமப் பேரரசு சிதைந்தபின் ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் (நம்மூர்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்பார்கள்) செய்ததுபோல, கட்டுக்கோப்பான சிறு சமூகங்களில் நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டும். அலஸ்டர் மெக்கின்டயரின் ‘ஆஃப்டர் வெர்ச்யூ’ (1981) நூலின் முடிவிலிருந்து எடுத்த பொறி. வாழும் உதாரணமாக ட்ரெஹெர் நம்மை இத்தாலியின் நோர்ச்சாவுக்கு அழைத்துப் போகிறார்.

நோர்ச்சா பெனடிக்ட் பிறந்த ஊர். நெப்போலியன் காலச் சட்டங்களால் 1810-இல் துறவிகள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 2000-இல் திரும்பி வந்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்க இளைஞர்கள். பழைய லத்தீன் திருப்பலி, நாள் முழுக்கத் திருப்பாடல்கள், 2012 முதல் சொந்தமாகக் காய்ச்சும் பியர். ஜெபம், உழைப்பு, ஒரே இடத்தில் நிலைத்திருத்தல், விருந்தோம்பல் என்று அவர்களுடைய வாழ்க்கையை ட்ரெஹெர் வரிசையாக விளக்கி, ஒவ்வொன்றையும் குடும்பஸ்தர்கள் எப்படிப் பின்பற்றலாம் என்று சொல்கிறார். துறவிகளை உபதேச பொம்மைகளாக இல்லாமல் மனிதர்களாகக் காட்டுவது அவருடைய பலம். சமூகத்தையே வழிபட ஆரம்பித்துவிடும் ஆபத்தையும் அவர் எச்சரிக்காமல் இல்லை.

ஆனால் இந்த மடம் எப்படி உருவானது என்ற கேள்வியை வேகமாகக் கடந்துவிடுகிறார். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

நோர்ச்சா குழுவை 1998-இல் ரோமில் தொடங்கிய காசியன் ஃபோல்சம் திடீரென்று துறவியானவர் இல்லை. இந்தியானாவின் செயின்ட் மைன்ராட் மடத்தில் வளர்ந்தவர். ரோமில் வழிபாட்டியல் கற்பித்தவர். புதிய மடம்தான், ஆனால் தொடங்கியவர் பழைய மடத்தின் பிள்ளை.

அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் இருக்கும் க்ளியர் க்ரீக் மடத்தைப் பாருங்கள். 1970-களில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் சீனியர் உள்ளிட்ட மூன்று பேராசிரியர்கள் நடத்திய பாடத்திட்டத்தில் படித்த சில மாணவர்கள், துறவு வாழ்க்கையைத் தேடி ஃபிரான்ஸின் ஃபோன்கோம்போ மடத்துக்குப் போனார்கள். சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஊர் திரும்பி க்ளியர் க்ரீக்கைத் தொடங்கியது 1999-இல்தான். கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு அவர்கள் இன்னொருவர் வீட்டில் பயிற்சியில் இருந்திருக்கிறார்கள்! ஃபோன்கோம்போவும் 1948-இல் சொலேம் மடத்திலிருந்து வந்தவர்கள் உயிர்ப்பித்ததுதான்.

“அப்படியானால் சொலேம்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, என் வாதத்துக்கு இடைஞ்சலான கேள்வியும்கூட. பிரெஞ்சுப் புரட்சி ஃபிரான்ஸின் மடங்களை மூடியபின், 1833-இல் அதை மறுபடி திறந்த ப்ரோஸ்பர் கெராஞ்சே துறவியே இல்லை, சாதாரண மறைமாவட்டக் குரு. செத்துப்போன சாஃப்ட்வேரை டாக்குமென்டேஷனை மட்டும் படித்து ஓட வைத்த மாதிரி. ஆனால் அவரும் நான்கு வருடத்தில் ரோமுக்குப் போய் முறைப்படி வார்த்தைப்பாடு கொடுத்து, மடத்துக்கு அங்கீகாரம் வாங்கி, தனக்கு மேலான ஒரு அதிகாரத்தோடு தன்னைக் கட்டிக்கொண்டார். ‘நாங்களே தொடங்கினோம், நாங்களே நடத்துகிறோம்’ என்று விடவில்லை.

அந்தக் கட்டு வசதியானது இல்லை. பழைய திருப்பலிக்கு 2007-இல் பதினாறாம் பெனடிக்ட் தாராளமாகக் கொடுத்த அனுமதியை 2021-இல் ஃபிரான்சிஸ் சுருக்கினார். பழைய முறையை நம்பி வாழும் மடங்கள், தங்களுக்குப் பிடிக்காததைச் சொல்லக்கூடிய அதே அதிகாரத்தின் கீழ்தான் இருக்கின்றன. ட்ரெஹெரின் குடும்பங்களுக்கு அப்படி யார் மேலே?

இன்னொன்று, வாசல். பெனடிக்டின் சட்டநூலில் 58-ஆம் அதிகாரம் புதிதாக வருபவரைப் பற்றியது. சுலபமாக உள்ளே விடாதே என்கிறது. நாலைந்து நாள் கதவைத் தட்டட்டும். உள்ளே வந்தபின் இரண்டு மாதம் கழித்து ஒரு தடவை, அப்புறம் ஆறு மாதம் கழித்து, அதற்கப்புறம் நான்கு மாதம் கழித்து என மூன்று தடவை முழுச் சட்டத்தையும் வாசித்துக் காட்டு. ஒவ்வொரு தடவையும் அவர் போக நினைத்தால் போகலாம். இன்றைய திருச்சபைச் சட்டப்படி நவதுறவுக்காலம் குறைந்தது ஒரு வருடம், தற்காலிக வார்த்தைப்பாடு குறைந்தது மூன்று வருடம். அதன்பிறகே நிரந்தரம். ட்ரெஹெர் மடத்தின் உள்வாழ்க்கையை ரசிக்கிறார். அந்த வாழ்க்கையைத் தாங்கி நிற்கும் இந்த வாசலுக்கு அவர் போதிய அழுத்தம் தரவில்லை.

இப்போது என் பாதி. 2018-இல் ஐந்து நண்பர்கள் சேர்ந்து மதுராந்தகம் பக்கம் நிலம் வாங்கினோம். யாரும் கத்தோலிக்கர் இல்லை. இந்தப் புத்தகத்தை மற்றவர்களுக்குக் கொடுத்தது நான்தான். வார இறுதியில் பொதுச் சமையல், ஏழு மணிக்குமேல் போன் கிடையாது, பிள்ளைகளுக்குச் சேர்ந்து படிப்பு. எக்செல் ஷீட்டில் நேரப் பட்டியல் போட்டதும் நானே. எட்டு மாதம் நன்றாகப் போனது. அப்புறம் ஒருவர் தன் மச்சான் குடும்பத்தையும் சேர்க்கலாம் என்றார். இருவர் சரி என்றோம், இருவர் வேண்டாம் என்றார்கள். முடிவு சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை; அதிகாரம் இல்லாததுதான் எங்கள் பெருமையாகவே இருந்தது. கேட்டவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பத்திரம் ஐந்து பேர் பெயரில் இருக்கிறது. ஐந்து கையெழுத்து சேராததால் விற்கவும் முடியவில்லை.

இதற்குப் புத்தகத்தைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் நகலெடுத்தது அது காட்டிய நேரப் பட்டியலைத்தான்.

2016 அக்டோபர் 30 நிலநடுக்கத்தில் நோர்ச்சாவின் பேராலயம் இடிந்தது. முகப்புச் சுவர் மட்டும் நின்றது. ஆகஸ்டில் வந்த முதல் அதிர்ச்சிக்குப் பிறகே துறவிகள் ஊருக்கு வெளியே மலைச்சரிவுக்குப் போயிருந்ததால் பிழைத்தார்கள். மடம் கலையவில்லை, 2024-இல் முழு ஆதீனமாக உயர்ந்தது. கட்டடமே போனபின்னும் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

புத்தகத்தைப் படிக்கலாமா? தாராளமாக. பக்கத்தில் பெனடிக்டின் சட்டநூலையும் வைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்னதாக 73 அதிகாரங்கள்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நண்பர்களோடு நிலம் வாங்கும் யோசனை இருந்தால், 58-ஐ இரண்டு தடவை படித்துவிட்டுப் பத்திர ஆபீஸுக்குப் போங்கள்.