கண்ணாடியில் தெரிந்த உடல்

மார்க் ஓப்ரையன் என்ற அமெரிக்கக் கவிஞர் 1990-ல் 'தி ஸன்' பத்திரிகையில் எழுதிய ஒரு கட்டுரையையும், அதை ஆதாரமாகக் கொண்டு பென் லூயின் 2012-ல் எடுத்த 'தி ஸெஷன்ஸ்' படத்தையும் அடுத்தடுத்துப் பார்க்க நேர்ந்தது. படம் நல்ல படம்தான். லூயினும் இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளானவர். உடலைப் பற்றிய கொச்சையான பரிதாபம் படத்தில் இல்லை. இருந்தும், கட்டுரை சொல்லிவிட்ட ஒன்றைப் படத்தால் தாங்கிக்கொள்ள முடியவில்லை என்று தோன்றுகிறது.

1949-ல் பிறந்த ஓப்ரையனை ஆறாவது வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. தலை மட்டும் வெளியே தெரிய, உடல் முழுவதும் 'இரும்பு நுரையீரல்' என்ற உருளைக்குள். உருளையினுள் காற்றழுத்தம் குறையும்போது மார்பு விரிந்து மூச்சு உள்ளே போகும். கூடும்போது வெளியே வரும். வாயில் கவ்விய குச்சியால் எழுத்துக்களைத் தட்டித்தான் அவர் கவிதை எழுதினார். இங்கு ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்த நோய் கொல்வது தசைகளை இயக்கும் நரம்புகளை. தொடுவுணர்வை அது விட்டுவிடுகிறது. அசைக்க முடியாத கையில் எறும்பு ஊர்ந்தால் தெரியும்.

அவர் வாழ்ந்த ஊர் பெர்க்லி. அவரைப் போலவே இரும்பு நுரையீரலில் உறங்கிய எட் ராபர்ட்ஸ் 1962-ல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1972-ல் உடல் ஊனமுற்றோரின் சுதந்திர வாழ்வுக்கான மையம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். அந்த இயக்கம் திறந்த வழியில்தான் ஓப்ரையன் போன்றவர்கள் விடுதிகளுக்குப் போகாமல் சொந்த வீட்டில், தாங்களே அமர்த்திய உதவியாட்களோடு வாழ முடிந்தது. ஆனால் சாய்தளம் கேட்டு மறியல் செய்கிறவன் அணைப்பு கேட்டு மறியல் செய்ய முடியாது. கட்டுரை பிறப்பது இந்த இடத்தில்.

தினமும் அவரைக் குளிப்பாட்டினார்கள், உடுத்தினார்கள், புரட்டிப் படுக்க வைத்தார்கள். ஓயாமல் கைகள் பட்டுக்கொண்டிருந்த உடல் அது. அத்தனையும் வேலையின் பொருட்டு. ஸ்பரிசம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. முப்பது வயது தாண்டிய பின், மனநலச் சிகிச்சையாளர் மூலமாக அவர் ஒரு 'ஸெக்ஸ் சர்ரகேட்'டிடம் போகிறார். சிகிச்சையின் ஒரு பகுதியாகக் கட்டணம் பெற்று, உடலுறவைப் பழக்குவிக்கும் பெண். போவதற்கு முன் அவரைக் குடையும் பயம் உடலைப் பற்றியது மட்டுமில்லை. பெற்றோர், கடவுள், தன்னைப் பராமரிக்கும் ஆரோக்கியமான மனிதர்கள் அனைவரும் இந்த ஆசைக்காகத் தன்னை வெறுப்பார்கள் என்ற பயம். ஆசைப்படுவதற்கே அனுமதி தேவைப்படுகிற மனம் அது.

கட்டுரையின் மையம் உடலுறவு நிகழும் இடம் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பெண் ஒரு பெரிய கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக் காட்டுகிறார். ஆறு வயதுக்குப் பிறகு தன் நிர்வாண உடலை ஓப்ரையன் முழுமையாகப் பார்ப்பது அப்போதுதான். கோரமாக முறுக்கிக்கொண்ட ஒன்றை எதிர்பார்த்தவருக்கு அது இத்தனை சாதாரணமாக இருப்பது ஆச்சரியமாயிருக்கிறது. முப்பது ஆண்டுகளாக அவர் சுமந்தது பிறர் பார்வையிலிருந்து தயாரித்துக்கொண்ட ஓர் உடலை. இதைவிடக் கடுமையான சமூக விமர்சனத்தை ஒரு கோஷம் செய்துவிட முடியாது.

கட்டுரை இதோடு முடிந்திருந்தால் வெற்றிக் கதை. முடியவில்லை. காலம் கழித்துத் தன் பழைய குறிப்புகளைப் படிக்கும் ஓப்ரையன், அன்றிருந்த நம்பிக்கையைக் கண்டு வியக்கிறார். வாழ்க்கை மாறவில்லை. தனிமை அப்படியே இருக்கிறது. நோய் பாதிக் காரணம், தன் சுபாவம் பாதிக் காரணம் என்கிறார். எழுந்து நிறைவேறாமல் போன எதிர்பார்ப்புகளை எண்ணும்போது, அங்கே போனது தகுமா என்றே கேட்டுக்கொள்கிறார். அந்தப் பெண்ணை அவர் குற்றம் சொல்லவில்லை, தன்னையும் சொல்லவில்லை. இளமையையும் அழகையும் உடனடித் தீர்வையும் கொண்டாடும் நாகரிகத்தைச் சொல்கிறார்.

படம் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது. சர்ரகேட் அவர்மீது மனம் இளகுகிறார். பிறகு வேறொரு பெண் வருகிறார். கடைசியில் இறுதிச் சடங்கில் அவரை நேசித்த பெண்கள் கூடியிருக்கிறார்கள். இது முழுப் பொய்யும் இல்லை. 1999-ல் இறந்த ஓப்ரையனுக்குக் கடைசி ஆண்டுகளில் ஒரு துணை கிடைத்தது உண்மை. ஆனால் 1990-ல் எழுதியவருக்கு அது தெரியாது. பின்னால் வந்த அதிர்ஷ்டம் முன்னால் எழுதிய கேள்வியை ரத்து செய்துவிடாது.

ஊனமுற்றவனை ஆசையற்ற மகானாக்குவது பழைய சம்பிரதாயம். ஆசைப்பட்டதற்குப் பரிசாகக் காதலைக் கொடுத்து அனுப்புவது புதிய சம்பிரதாயம். இரண்டும் பார்க்கிறவனின் சௌகரியத்துக்காக. படம் முடிந்தபோது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதி யாருடையது என்று கேட்க வைத்தது கட்டுரை.