கைகுலுக்கும் எழுத்து

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாரித்துவரும் ஹூண்டாய் நிறுவனத்தின் இலச்சினையை, சாய்ந்த ஆங்கில 'எச்' எழுத்து என்றே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். நிறுவனமும் வாடிக்கையாளரும் கைகுலுக்கும் உருவம் அது என்பது அந்நிறுவனம் தரும் விளக்கம். சாய்ந்த கோடுகளில் அசைவு உண்டு. சூழ்ந்துள்ள நீள்வட்டம் கண்ணை நடுவே நிறுத்துகிறது. ஆயினும் சொல்லித் தந்த பிறகே கைகள் புலப்படுகின்றன. அரபி எழுத்தில் லாமும் அலிஃபும் பிணைவதைத் தழுவி நிற்கும் இருவராகக் கண்ட கவிஞர்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. (அப்பிணைப்பின் பொருள் 'இல்லை' என்பது வேறு கதை!)

இது சிறு குறைதான். இரு கைகளுக்கே இடம் வைத்த அந்த இலச்சினையில், விடியுமுன் நிறுவனப் பேருந்தில் வந்திறங்கும் தொழிலாளியின் கையை நாம் தேடுகிறோம், காணவில்லை.