கார்த்திகையில் கழுகுமலை

நாகலாபுரத்துப் பக்கம் கூட்டாக ஊர்சுற்றக் கிளம்ப ஏற்ற காலம், ஐப்பசிக் கடைசியும் கார்த்திகையும்தான். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கரிசல், வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் வாய் மூடிக்கொள்ளும். உளுந்தும் கம்பும் மல்லியும் பருத்தியுமாகப் பச்சை கட்டும். வேன் பிடித்து எட்டயபுரம், கோவில்பட்டி வழியே கழுகுமலைக்குப் போகையில், ஓரிடத்திலாவது இறங்கிப் புஞ்சைக்குள் நடக்க வேண்டும். பத்து எட்டு வைப்பதற்குள் செருப்பு கனத்துவிடும். ஈரக் கரிசல் அப்பியதன் மேலேயே அப்பும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பது தனிச் சுகம்.

மலையில் வெட்டுவான் கோயில், 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. மலைப்பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தவர்கள் விமானத்தை முடித்தார்கள். அடிப்பகுதி முடியாமல் நின்றுவிட்டது. தெற்கு முகத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். அபூர்வமான கோலம் அது. சித்திரை வெயிலில் பாறை சுடும். இந்த மாதங்களில்தான் நிதானமாக நின்று ரசிக்க முடியும். அருகிலேயே சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அடியில் வட்டெழுத்தில், அந்தச் சிற்பங்களைச் செய்வித்தவர்களின் பெயர்களும் ஊர்களும். அரசர் பெயர் மட்டுமே நிலைக்கும் என்ற நினைப்பை அந்த எழுத்துகள் மாற்றிவிடுகின்றன.

திரும்பும் வழியில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கட்டாயம்.

மழை பெய்த மறுநாள் பாறையில் ஏறாதீர்கள், வழுக்கும். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று கல்வெட்டின் மேல் சாக்பீஸ் தேய்க்காதீர்கள்.