சந்தையில் அஞ்சாமை

வாணிகத்துக்கு முதல் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. பணத்தினும் மனநிலையே முதன்மையான முதல் என்று நிறுவ முயன்றவர் அமெரிக்கரான மார்க் டக்ளஸ். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'ட்ரேடிங் இன் த சோன்' என்னும் அவர்தம் நூல், பங்குச் சந்தையில் ஈடுபடுவோர் பலராலும் போற்றப்படுவது. 2015இல் அவர் மறைந்த பின்னரும் அதன் செல்வாக்குக் குன்றவில்லை. கைத்தொலைபேசி வாயிலாகவே பங்குகளை வாங்கவும் விற்கவும் இயலும் இந்நாளில், பொகவந்தலாவை போன்ற மலையகத்து ஊர்களில் வாழும் இளைஞர்க்கு அந்நூற்கொள்கை எத்துணைப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

நூலின் சாரம் வருமாறு: சந்தையில் எதுவும் நிகழலாம். அடுத்து நிகழ்வது யாது என்று அறியாமலே பொருளீட்டவும் கூடும். வெற்றியும் தோல்வியும் எவ்வொழுங்கில் வரும் என்று கூற இயலாதெனினும், சிறிதளவு சாதகமுடைய முறையொன்றைப் பன்முறை வழுவாது கையாளின் முடிவில் ஆதாயம் எஞ்சும். ஆதலின் ஓர் இழப்பு என்பது துயரத்துக்குரியதன்று, தொழிற்செலவே. இழப்பின் எல்லையை முன்னரே வரையறுத்து, அதனை மனமார ஏற்றவனுக்கு அச்சமில்லை. இம்மனநிலையைப் பழகுதற்கு, ஒரே முறையை மாற்றாது இருபது தடவை கையாளும் பயிற்சியொன்றையும் ஆசிரியர் வகுத்துள்ளார்.

இதன்கண் உண்மை உண்டு. அஞ்சுபவன் சிறு ஆதாயத்தைக் கண்டதும் விற்றுவிடுகிறான். விலை வீழ்ந்த பங்கையோ, மீளும் மீளும் என்று கட்டிக்காக்கிறான். இக்குறையை டக்ளஸ் போலத் தெளிவுற விளக்கினோர் சிலரே. துன்பத்திற் கலங்காமையை 'இடுக்கணழியாமை' என்று தனி அதிகாரமாகவே வகுத்த வள்ளுவரும் இதனை மறுக்கமாட்டார்.

ஆயின், அஞ்சத்தக்கதற்கு அஞ்சாதிருத்தல் பேதைமை என்று அறிவுடைமை அதிகாரத்திற் கூறியவரும் அவரே. நூலின் குறை இவ்விடத்திற்றான் தோன்றுகிறது. தாங்கத்தக்க இழப்பையே ஏற்கவேண்டும் என்று டக்ளஸ் கூறாமலில்லை. எனினும் அவர் விரித்துரைத்தது மனம் தாங்குவதையே. குடும்பம் தாங்குவதை அன்று. மிகுபொருள் உடையவனுக்கு இருபது தடவை என்பது ஒரு பயிற்சி. ஊழியர் சேமலாப நிதியாகக் கைக்கு வந்த ஒரே தொகையை இடுபவனுக்கோ, இருபதை எட்டுமுன்னரே முதல் தீர்ந்துவிடலாம். முதல் தீர்ந்தபின் சராசரி என்பது வெறுஞ்சொல்லே.

இழப்பை வரையறுக்கலாம் என்னும் கொள்கை, வேண்டும்போது விற்று வெளியேறலாம் என்னும் நம்பிக்கையிலேயே நிலைபெறுகிறது. 2022 ஏப்ரல் 12இல் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துதலை நிறுத்துவதாக அறிவித்தது. 18ஆந் திகதி முதல் ஐந்து வேலைநாள்கள் கொழும்புப் பங்குச் சந்தை மூடப்பட்டது. 25ஆந் திகதி திறந்த அன்றே விலைகள் பெரிதும் வீழ்ந்தமையால் வர்த்தகம் மீண்டும் நிறுத்தப்பட்டது. அந்நாள்களில் எல்லை வகுத்தவனும் வகுக்காதவனும் ஒரே நிலையில் நின்றனர். எதுவும் நிகழலாம் என்று எழுதியவர், வாயிலே அடைபடலாம் என்பதற்கு வழி கூறவில்லை.

மலையகத்தின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். கோப்பியில் இலைத் துரு நோய் 1869இல் இலங்கையிற் காணப்பட்டது. விலை உயர்ந்திருந்தமையால் தோட்டத்துரைமார் பலர் அதனைப் பொருட்படுத்தாது மேலும் காடழித்துக் கோப்பி நட்டனர். ஆண்டுதோறும் வந்த நட்டத்தை அவ்வாண்டுக்குரிய நட்டமாகவே எண்ணினர். முடிவில் கோப்பித் தொழில் சிதைந்தது. அதற்குக் கடன் வழங்கிய ஓரியண்டல் வங்கியும் 1884இல் வீழ்ந்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையில் நட்ட தேயிலையே பின்னர் இம்மலைகளைக் காத்தது. நோய்க்கு அஞ்சிக் காலத்தே பயிரை மாற்றியவர் பிழைத்தனர். அவ்வச்சம் கோழைமையன்று, அறிவின் தொழிலே.

ஆகவே, டக்ளஸின் நூல் விலைகளின் ஏற்றத்தாழ்விற் கலங்காதிருக்கக் கற்பிக்கும் அளவிற் பயனுடையது. எப்பணத்தை இடலாம், எதனை இடலாகாது என்னும் முதல் வினாவுக்கு அது போதிய விடை தரவில்லை. அவ்வினாவுக்கு விடை கண்டபின் அந்நூலைக் கற்பார்க்கு அது துணையாகும். அதனை விடுத்துக் கற்பார்க்கு, சூது அதிகாரத்திற் கூறப்பட்ட தூண்டிலாகவே முடியும்.