‘வெளியேறு’: தமிழ் இடைமுகங்களின் ஏவல்மொழி குறித்து

கவிதை, புனைகதை, நாடகம் ஆகியவற்றின் மொழியை நுணுகி ஆராயும் எமது விமரிசனம், மக்கள் நாளொன்றுக்குப் பலமுறை வாசிக்கும் தமிழ்ப் பனுவலொன்றைப் பெரிதும் பொருட்படுத்தியதில்லை. கணினித் திரையிலும் கைத்தொலைபேசியிலும் பொத்தான்களாகவும் பட்டிகளாகவும் எச்சரிக்கைகளாகவும் தோன்றும் சொற்களையே குறிப்பிடுகின்றோம். மனிதரும் இயந்திரமும் தொடர்புகொள்ளும் இப்பரப்பு இடைமுகம் எனப்படும். இதனை அமைப்பது பொறியியலாளரின் வேலை, இதிலுள்ள சொற்களைத் தமிழாக்குவது கலைச்சொற் குழுக்களின் வேலை என ஒதுக்கிவிடுவதே வழக்கமாகிவிட்டது. ஆயின் இடைமுகம் ஒருவரை விளிக்கின்றது, ஏவுகின்றது, மறுக்கின்றது, அவருடைய பெயரையும் ஊரையும் வினவுகின்றது. விளிப்பும் ஏவலும் உள்ளவிடத்து விளிப்பவர் யார், ஏவப்படுபவர் யார், அவர்களிடையேயான சமூக உறவு யாது என்னும் வினாக்கள் எழுந்தே தீரும். இவை விமரிசனத்துக்குரிய வினாக்கள்.

இவற்றைப் பொதுப்படப் பேசாது, வலிகாமம் தென்மேற்கிலுள்ள பண்டத்தரிப்பில் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த முதியவர் ஒருவரின் கையிலுள்ள தொலைபேசியை மனத்திற் கொண்டு நோக்குவோம். பிள்ளைகள் கனடாவிலோ பிரான்சிலோ இருப்பர். அவருக்கு அத்திரை ஆடம்பரப் பொருளன்று. வங்கியும் தபாற்கந்தோரும் வீட்டுப் படலையும் அதுவே. அத்தகையோர் பலர் தொலைபேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, ‘விளங்கேல்லை’ என்று பழையபடி ஆங்கிலத்துக்கே மாற்றுவித்துக்கொள்வதைக் காண்கின்றோம். தம் தாய்மொழியிலும் பார்க்கத் தமக்குத் தெரியாத மொழியின் குறிகளை இடமறிந்து தொடுவது இலகுவென ஒருவர் கருதுவாராயின், குறை அவரிடத்து இல்லை.

திரையின் உருவகங்கள் பெரும்பாலும் அலுவலகத்திலிருந்து வந்தவை. சீரொக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்ரார்’ கணினியும் (1981), அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரொஷும் (1984) மேசை, கோப்பு, கோப்புறை முதலியவற்றைத் திரைக்குரிய பொருள்களாக நிலைநாட்டின. அவை தமது பயனராகக் கற்பனை செய்தது மேலைநாட்டு அலுவலக உத்தியோகத்தரை. யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்துக்கு இக்கற்பனை முற்றிலும் அந்நியமானதன்று. மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலங் கற்றுக் கச்சேரிக்கும் மலாயாவுக்கும் எழுதுவினைஞராகச் சென்ற தலைமுறைகளுக்குக் கோப்பே வாழ்க்கையாக இருந்தது. புகையிலைத் தோட்டத்தில் நின்றவருக்கோ அந்த அனுபவம் வாய்க்கவில்லை. ‘கோப்புறை’ நல்ல தமிழ்தான். எனினும் அது சுட்டும் பொருளைக் கையாலெடுத்துப் பழகாதவருக்கு நல்ல தமிழால் மட்டும் அது விளங்கிவிடாது.

அதே மிஷன் வரலாற்றில் வேறொரு மரபும் உண்டு. அமெரிக்க மிஷன் வைத்தியரான யோன் ஸ்கடர் 1820 இல் பண்டத்தரிப்பில் தங்கி மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1847 இல் இங்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், அயலூராகிய மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவங் கற்பிக்கவும் மருத்துவ நூல்களைத் தமிழாக்கவும் முற்பட்டார். சமய நோக்கம் இப்பணிகளுக்குப் பின்னால் இருந்தமையை மறைப்பதற்கில்லை. கிறீனின் கலைச்சொற்கள் யாவும் நிலைத்தன என்பதற்குமில்லை. ஆயினும் அச்சொற்கள் மாணவர்முன் வாக்கியங்களில் வைத்துப் பேசப்பட்டன. நோயாளியின் படுக்கையருகே பயன்பட்டன. இன்றைய இடைமுக மொழிபெயர்ப்புக்கு இல்லாத வாய்ப்பு இதுவே. மொழிபெயர்ப்பாளருக்குப் பெரும்பாலும் கிடைப்பது திரையிலிருந்து கழற்றியெடுத்த சொற்பட்டியல். ஆங்கிலத்து ‘ஓப்பன்’ என்ற சொல் பட்டியலில் வந்தால் அது ‘திற’ என்னும் ஏவலா, ‘திறந்துள்ளது’ என்னும் நிலையா என்று அறிய வழியில்லை.

இனி இலக்கணத்துக்கு வருவோம். ஆங்கில இடைமுகத்தின் பெரும்பகுதி வெறும் வினையடிகளால் ஆனது. அவ்வினையடி ஏவலாகவும் நிற்கும். செயலின் பெயர்போலவும் நிற்கும். ஒருமை பன்மையோ மரியாதை வேறுபாடோ அதிற் புலப்படாது. தமிழ் அவ்வாறு மௌனமாக இருக்க இயலாத மொழி. ‘சேமி’ என்றால் ‘நீ’ என ஒருவரை முன்னிறுத்தியாயிற்று. ‘சேமிக்கவும்’ என்றால் அறிவித்தற் பலகையின் தொனி வந்துவிடுகின்றது. கந்தோர்ச் சுவரிற் காணும் ‘கதவை மூடவும்’ என்பதன் உறவு அது. யாழ்ப்பாணத்தாருக்கோ நீ, நீங்கள் ஆகியவற்றுக்கு நடுவே ‘நீர்’ என்றொரு படியும் உண்டு. ‘வாரும்’, ‘இரும்’ என்பவற்றின் அளவான நெருக்கத்தை எந்தத் திரையும் இதுவரை அறிந்ததாகத் தெரியவில்லை.

மரியாதை பற்றிய பிரச்சினையிலும் ஆழமானது வினைமுதல் பற்றியது. ‘சேமி’ என்ற பொத்தானைத் தொடும்போது ஏவுபவர் பயனர், ஏவப்படுவது இயந்திரம். ஆகவே அங்கு ஒருமை ஏவல் பொருந்தும். இயந்திரத்தை ‘நீ’ என்பதில் இழுக்கில்லை. ‘கடவுச்சொல்லை உள்ளிடவும்’ என்ற தொடரில் நிலைமை தலைகீழாகின்றது. அங்கு இயந்திரம் பேசுகின்றது, பயனர் கேட்கின்றார். ஆதலின் மரியாதை வடிவம் வேண்டற்பாலது. இவ்விரு குரல்களையும் வேறுபடுத்தினால் தமிழ் இடைமுகத்துக்கு ஓர் ஒழுங்கு அமையும். பல செயலிகளில் இரண்டும் கலந்து கிடப்பதற்குக் காரணம், ஆங்கில மூலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம் இருப்பதுதான்.

‘வெளியேறு’ என்ற சொல்லில் இக்குழப்பம் உச்சம் பெறுகின்றது. தமது கணக்கை மூடிச் செல்ல விரும்புபவர் தொடவேண்டிய பொத்தானுக்குப் பல செயலிகள் இட்டுள்ள பெயர் இது. இங்கு வெளியேறுபவர் பயனர். ஆகவே இது இயந்திரத்துக்கு இடும் ஏவலாக இருக்க முடியாது. இயந்திரம் பயனரை ஏவுவதாகவே வாசிக்கக் கிடக்கின்றது, அதுவும் ஒருமையில். வேறெங்கும் இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய வழுவாக இருக்கலாம். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டு முதல் வலிகாமம் வடக்கின் ஊர்கள் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட, மக்கள் வெளியேறினர். 1995 ஒக்ரோபர் 30 இல் ஒலிபெருக்கி அறிவித்தலைக் கேட்டு வலிகாமமே தென்மராட்சி நோக்கி நடந்தது. இத்தகைய நிலத்தில் அவ்வேவலுக்கு அகராதிப் பொருள் மட்டுமே உண்டெனக் கொள்வது மொழியின் இயல்பை அறியாமையாகும். இது மிகையுணர்ச்சி என்பாரும் உளர். அவர்கள் வரலாற்றை ஒதுக்கிவிட்டு இலக்கணத்தை மட்டும் நோக்கினும் வழு வழுவே.

வேறு வழி இல்லாமலில்லை. 2003 இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது அதன் இடைமுகத்தின் பெரும்பகுதியைத் தமிழாக்கியவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். அத்தளத்தில் ‘புகுபதிகை’, ‘விடுபதிகை’ என்னும் சொற்கள் வழங்குகின்றன. இவை பெயர்ச்சொற்கள், எவரையும் ஏவுவதில்லை. முதன்முதற் காண்பவருக்குச் சற்றுக் கடினமாகத் தோன்றினும் ‘விடுபதிகை’ ஒருவரையும் வாசலுக்குத் துரத்துவதில்லை. ‘தொகு’ என்ற சொல்லும் கவனத்துக்குரியது. திருத்துதல் என்ற கருத்தைத் தொகுத்தல் என்ற கருத்தால் ஈடுசெய்வது துல்லியமான மொழிபெயர்ப்பன்று. ஆயின் பல கைகள் சேர்ந்து ஆக்கும் கலைக்களஞ்சியத்துக்கு, எட்டுத்தொகை கண்ட மொழியில் இதனினும் பொருத்தமான சொல்லைத் தேடவேண்டியதில்லை. பயனர்கள் கூடிப் பேசும் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ எனப் பெயரிட்டமை சிறந்த கற்பனை. ஆங்கிலத்தில் அதன் பெயர் ஊர்த் தண்ணீர்க் குழாயைக் குறிப்பது. எழுதிப் பழகும் பக்கத்தை ‘மணல்தொட்டி’ என்றது சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. ஆனால் மணலில் விரலால் எழுதி அகரம் பழகிய திண்ணைப்பள்ளி மரபு இருந்தமையால், அது தற்செயலாக மூலத்திலும் ஆழமான பொருளைப் பெற்றுவிட்டது.

எம்மை மிகவும் கவர்ந்த தீர்வு 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் பக்கங்களில் உள்ளது. மின்வடிவிலான நூலைத் திறக்கும் இணைப்புக்கு மேலே ‘வாசிக்க’ என்று மட்டும் இருக்கும். செயவென் வாய்பாட்டு எச்சம் அது. கட்டளையுமில்லை, கெஞ்சலுமில்லை, ‘நீங்கள் வாசிப்பதற்காக இது இங்கே உண்டு’ என்ற பொருள் தொக்கி நிற்கின்றது. நீ, நீர், நீங்கள் என்ற தெரிவே எழாதவாறு தமிழிலக்கணத்தின் உள்ளிருந்தே கிடைத்த வழி இது. படித்தல் என்பது பாடம் படித்தலையும், வாசித்தல் என்பது நூல் வாசித்தலையும் குறிக்கும் ஈழத்து வழக்கும் இச்சொல்லில் காப்பாற்றப்படுகின்றது.

இவ்வழக்கு வேறுபாடு சிறு விடயமன்று. தமிழகம் ‘மின்னணு’ என்பதை நாம் ‘இலத்திரனியல்’ என்கின்றோம். அவர்கள் ‘பதிவிறக்கம்’ செய்ய நாம் ‘தரவிறக்கம்’ செய்கின்றோம். கணினி உலகின் பொதுத் தரவுத்தொகுதிகளில் இலங்கைத் தமிழுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் நாணயம், நேரம் முதலியவற்றோடு நின்றுவிடுகின்றது. பெருநிறுவனங்களின் மொழித்தெரிவில் ‘தமிழ்’ ஒன்றே.

இனி, இயந்திரம் தானே வாக்கியம் அமைக்க முற்படும்போது நேர்வதைக் காண்போம். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் தனியே நிற்கும். எந்த ஊர்ப்பெயரையும் அதன் பின்னே செருகலாம். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு புணரும். அதனை எண்ணாது செய்யப்பட்ட செயலி ‘பண்டத்தரிப்பு இல்’ என்று அச்சிடுகின்றது, அல்லது சிறுகோடிட்டு ‘பண்டத்தரிப்பு-க்கு’ என்கின்றது. குற்றியலுகரப் புணர்ச்சியைப் பாடசாலையிற் கற்ற எவரும் ‘பண்டத்தரிப்பில்’ என்றே எழுதுவர். ‘இல்’ தனித்து நின்றால் இன்மையையும் வீட்டையும் குறிக்கும் என்பது இங்கு கசப்பான நகைச்சுவை. தேடலிலும் இதே இடர். எழுத்துக்கு எழுத்து ஒப்புநோக்கும் தேடுபொறிக்குப் ‘பண்டத்தரிப்பு’ வேறு, ‘பண்டத்தரிப்பில்’ வேறு. பழைய மிஷன் அறிக்கைகளின் ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரே பலவாறு எழுத்துக்கூட்டப்பட்டிருப்பதால், ஸ்கடரின் காலத்தை ஆராயும் மாணவர் தன்னூரைத் தேடியே கண்டுபிடிக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்ட ஆவணங்களோ ஒருங்குறியில் தேடுபவருக்கு வெறும் ஆங்கிலக் குறிகளின் குவியல்.

படிவங்கள் கேட்கும் வினாக்களும் மொழிபெயர்ப்பால் தீரா. ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என இரு கட்டங்கள் வருகின்றன. குடும்பப்பெயர் இல்லாத எம்மவர் இரண்டாவதில் தந்தையின் பெயரை இடுகின்றனர். பின்னர் வெளிநாட்டு வங்கியின் இயந்திரம் மகனைத் தந்தையின் பெயரால் விளிக்கின்றது. ஊருக்கும் ஒரே கட்டந்தான். எமது மரண அறிவித்தல்களோ ஓர் ஊரைப் பிறப்பிடமாகவும் இன்னோர் ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என்றே தொடங்கும்; புலம்பெயர்ந்தவராயின் மூன்றாவது ஊரும் சேரும். பண்டத்தரிப்பிற் பிறந்து ரொறன்ரோவில் மறைந்தவரின் வாழ்க்கை ஒரு கட்டத்துள் அடங்காது. அவ்வறிவித்தல் முகநூலிற் பகிரப்படும்போது அதன் கீழ் விருப்பக்குறிப் பொத்தான் தோன்றியமை பல ஆண்டுகளாகப் பலரை மனங்கூச வைத்தது. 2016 இல் வேறு உணர்ச்சிக்குறிகள் சேர்க்கப்பட்ட பின்னரே துக்கத்துக்கு அங்கு ஓர் இடங் கிடைத்தது.

இவ்விடத்து உழைப்பு பற்றிய வினாவையும் எழுப்புதல் வேண்டும். முகநூல் நிறுவனம் 2008 இல் தன் இடைமுகத்தைப் பயனர்களைக் கொண்டே மொழிபெயர்ப்பிக்கத் தொடங்கிற்று. கூலியின்றிச் செய்யப்பட்ட அவ்வேலையின் பயன் நிறுவனத்தின் சொத்தாயிற்று. விக்கிப்பீடியாவிலும் கூலி இல்லை. ஆயின் அங்கு ஒரு சொல் பிழையெனக் கண்டவர் ஆலமரத்தடிக்குச் சென்று வாதிடலாம், மாற்றலாம். இலங்கை அரசின் தளங்களைப் பொறுத்தவரை, 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பின்னரும், தமிழ்ப் பொத்தானைத் தொட்டால் அரைகுறைத் தமிழோ ஆங்கிலமோ எதிர்ப்படும் அனுபவம் புதிதன்று. யாப்பில் எழுதப்பட்ட உரிமை ஒரு பொத்தானின் பின்னே காணாமற் போவதை நாம் மொழிபெயர்ப்புக் குறைபாடு என்று மட்டும் கொள்வதற்கில்லை.

தமிழ்த்துறைகள் இதனைக் கணினித்துறைகளிடம் கையளித்துவிட்டு இருப்பதற்கும் நியாயமில்லை. ஏவல், வியங்கோள், எச்சம், புணர்ச்சி என்பன எமது பாடங்கள். மாணவர் ஒருவர் ஒரேயொரு வங்கிச் செயலியின் தமிழ்ச் சொற்களைத் திரட்டி, யார் யாரை ஏவுகின்றார் என வகுத்து, பண்டத்தரிப்புச் சந்தையில் மரக்கறி விற்போர் பத்துப் பேரிடம் வாசிக்கக் கொடுத்து அவர்கள் சொல்வதை எழுதிவருவாராயின், சிறப்புக்கலைத் தேர்வுக்கான ஆய்வுக்கட்டுரை ஒன்று அதிலேயே இருக்கின்றது.